வீடு கட்டும்போது அடி எங்கே, எம்.எம். எங்கே?

பட்டாவில் ஏர், பத்திரத்தில் சதுர அடி, புரோக்கர் வாயில் சென்ட், பிளானில் மீட்டர், மேஸ்திரி கையில் அடி, கம்பிக்கு எம்.எம்., மணலுக்கு யூனிட், மரத்துக்குக் கன அடி, தொட்டிக்கு லிட்டர். மனை ஒன்றுதான், அளவு ஒன்பது. கும்பகோணத்தில் அப்பா ஆரம்பித்த ஹார்டுவேர் கடையை இப்போது நான் பார்க்கிறேன். கவுண்ட்டருக்கு எதிரே வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் பொருள் கேட்பதற்கு முன் கணக்குத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று சிலர் நோட்டும் கையுமாக வருவார்கள். அது நடக்காது. மேஸ்திரியிடம் போய் "3.048 மீட்டர் விடுங்கண்ணே" என்றால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் தன் இஷ்டத்துக்குப் பத்தடி விடுவார். சுவர் அடியில் இருக்கட்டும், கம்பி எம்.எம்.மில் இருக்கட்டும், மணல் யூனிட்டிலேயே வரட்டும். ஆனால் ஓர் அளவில் கட்டிய இடத்துக்குள் வேறோர் அளவில் செய்த பொருள் போய் உட்காருகிறதே, டைல், ஜன்னல், வாஷிங் மெஷின், டி.வி. என்று, அங்கே மட்டும் மாற்றுங்கள். அதையும் எம்.எம்.முக்கு மாற்றுங்கள். வீட்டில் அளவால் வருகிற சண்டை பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வருகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டியவை

அதிகமில்லை. ஒரு இஞ்ச் என்பது சரியாக 25.4 எம்.எம். ஓர் அடி 304.8 எம்.எம். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல், அது 3 எம்.எம்.முக்குக் கொஞ்சம் மேல். ஒரு மீட்டர் என்பது 3 அடி 3 இஞ்ச் 3 நூல். மூன்று மூன்றாக வருவதால் மறக்காது, சோதித்துப் பார்த்தால் ஒரு எம்.எம். கூடப் பிசகாது.

"மீட்டர்னா மூணு அடிதானே" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை அங்கேயே நிறுத்திவிடுவேன். நீளத்துக்கு அப்படி எடுத்தால் நூற்றுக்கு எட்டு ஒன்பது குறையும், கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் போகும். பரப்புக்கு எடுத்தால் 16 குறையும், ஏனென்றால் ஒரு சதுர மீட்டர் 9 சதுர அடி அல்ல, 10.764 சதுர அடி. கன அளவுக்கு வந்தால் இன்னும் மோசம். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. மூன்றை மூன்று தடவை பெருக்கி 27 என்று வைத்துக்கொள்பவர் ரெடி மிக்ஸ் கான்கிரீட் ஆர்டர் செய்வதைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி தளம், 5 இஞ்ச் கனம், அதாவது 417 கன அடி. 35.3-ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். 27-ஆல் வகுத்தால் 15.4. மூன்றரைக் கன மீட்டர் கான்கிரீட்டை வாசலில் கொட்டிவிட்டு லாரி போய்விடும், மாலைக்குள் அது பாறையாகிவிடும்.

இன்னொரு பொறி புள்ளி. மேஸ்திரி துண்டுச் சீட்டில் 10.6 என்று எழுதினால் அது பத்தடி ஆறு இஞ்ச். இன்ஜினியர் 10.6 என்று எழுதினால் பத்தடியும் அதற்குமேல் ஏழு இஞ்சும் சொச்சமும். செல்போன் கால்குலேட்டருக்கு இன்ஜினியரின் 10.6 மட்டும்தான் தெரியும். அதனால் இஞ்சை முதலில் 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 10 அடி 6 இஞ்ச் 10.5, 12 அடி 9 இஞ்ச் 12.75, இரண்டையும் பெருக்கினால் 133.9 சதுர அடி. சீட்டில் எழுதும்போது புள்ளி வைக்காமல் "10 அடி 6" என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

டேப் வாங்கும்போது ஒரு ஓரம் இஞ்ச், மறு ஓரம் சென்டிமீட்டர் இருப்பதாக வாங்குங்கள். 5 மீட்டர் டேப்பை எங்கள் பக்கம் பதினாறடி டேப் என்பார்கள். அதன் முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடும். ஆடுகிறதே என்று ஆணியைத் தட்டி இறுக்கி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஆடுவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறது. சுவரில் முட்டி அளக்கும்போது கொக்கி உள்ளே போகும், பலகை நுனியில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரும், அதன் தகட்டுக் கனம் இரண்டிலும் இப்படிச் சரிசெய்யப்படுகிறது.

மனை

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 0 - 02.50 என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது இரண்டரை ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,076 சதுர அடி, இரண்டரைச் சென்ட்டுக்கு ஒரு துளி குறைவு. ஆக மேலே சொன்னது 250 சதுர மீட்டர், சுமார் 2,691 சதுர அடி, 6.18 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர் கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி, ஐந்தரைச் சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் டெல்டாவில் இவை எதுவும் இல்லாமல் மா, குழி என்று பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 144 சதுர அடிக் குழி என்றால் நூறு குழி ஒரு மா, மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அதை வைத்து விலை பேசுங்கள், பத்திரம் எழுதாதீர்கள். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் ஒரு லிங்க் 7.92 இஞ்ச். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட், கணக்கு அழகாக வந்து நிற்கும்.

மனையில் நான் சொல்வது ஒன்றே ஒன்று. யார் எந்த அளவில் சொன்னாலும் நான்கு பக்கத்தையும் டேப் பிடித்து அளந்து சதுர அடியில் ஒரு தடவை, சதுர மீட்டரில் ஒரு தடவை எழுதிக்கொள்ளுங்கள். முப்பதுக்கு அறுபது மனையை "நாலு சென்ட்" என்பார்கள். உண்மையில் 4.13 சென்ட். சென்ட்டுக்கு விலை பேசி வாங்குகிறவருக்கு அந்தச் சொச்சம் லாபம், விற்கிறவருக்கு நஷ்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக்குப் போகும்போது அரசாங்கமும் இரண்டு நாக்கில் பேசும். 2024-இல் தமிழ்நாட்டில் வந்த சுய சான்று அனுமதித் திட்டம் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு என்று அடியில் அறிவிக்கப்பட்டது. கட்டட விதிகளோ மீட்டரில் இருக்கின்றன. பக்கத்தில் 1.5 மீட்டர் விட வேண்டும் என்றால் அது 4 அடி 11 இஞ்ச், மேஸ்திரியிடம் ஐந்தடி என்றே சொல்லுங்கள். மனை விளம்பரத்தில் வரும் "30 அடி ரோடு" பல இடத்தில் 9 மீட்டர் சாலைதான், அதாவது இருபத்தொன்பதரை அடி. "23 அடி ரோடு" என்பது 7.2 மீட்டர், அது 23 அடிக்கு மேல் அரை அடி கூடவே வரும்.

மேலே சுற்றவா, கீழே சுற்றவா

பிளானில் எம்.எம். இருக்கும், மேஸ்திரி அதை இஞ்சில் புரிந்துகொள்வார். 230 சுவர் 9 இஞ்ச், 115 சுவர் நாலரை இஞ்ச். இவை பொருந்திப் போய்விடும். தகராறு வருவது சுற்றும்போது, அதாவது சொச்சத்தை விட்டு முழு எண்ணாக்கும்போது. கனமோ, கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டான கவரோ என்றால் மேலே சுற்றலாம். இரண்டு கம்பிக்கு நடுவே உள்ள இடைவெளி என்றால் மேலே சுற்றவே கூடாது.

தளத்துக் கம்பிக்கு 125 எம்.எம். இடைவெளி என்று வரைபடம் சொல்கிறது. அது 5 இஞ்சுக்கு ஒரு துளி குறைவு. ஆனால் வெயிலில் குனிந்து வேலை பார்க்கிறவருக்கு "அரை அடி" என்பதுதான் வாயில் வரும், கையிலும் வரும். பத்தடி நீளத்தில் 24 இடைவெளி வர வேண்டிய இடத்தில் 20 வரும். கம்பியில் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு காணாமல் போய்விடும், கான்கிரீட் போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. இதற்கு வாதாட வேண்டாம். ஒரு ரீப்பர் மரத்துண்டைச் சரியாக 125 எம்.எம்.முக்கு வெட்டி, கம்பி கட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம், கட்டையை வைத்துவைத்துக் கட்டிக்கொண்டே போவார். 150-க்கு ஒன்று, 200-க்கு ஒன்று என்று வேறு வேறு பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கவருக்கு அளவே பார்க்க வேண்டாம், கவர் பிளாக் எம்.எம்.மில் தான் விற்கிறோம். தளத்துக்கு 20, பீமுக்கு 25, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்பது வழக்கம். இன்ஜினியர் கூடுதலாகச் சொன்னால் அதை வாங்குங்கள். "ஒண்ணரை இஞ்ச் ஜல்லி வச்சா போதும்" என்று தூணில் சொருகுவதைப் பார்த்தால் நிறுத்துங்கள். அது 38 எம்.எம். என்பதைவிட, ஜல்லி புரண்டால் எவ்வளவு என்றே தெரியாது என்பதுதான் பெரிய விஷயம்.

கம்பி, மணல், சிமெண்ட்

"மூணு நூல்ல ஒரு பண்டல் போடு பாப்பா" என்று என்னை இன்னும் பாப்பா என்றே கூப்பிடும் மேஸ்திரிகள் கேட்பார்கள். பில்லில் 10 எம்.எம். என்று வரும். இரண்டரை நூல் 8 எம்.எம்., நாலு நூல் 12, ஐந்து நூல் 16, ஆறு நூல் 20. நூலை எம்.எம்.முக்குக் கணக்குப் போட்டால் நாலு நூல் 12.7 வரும். அதனால் "12-ன்னு குறைச்சலா குடுக்கிறீங்க" என்று வீட்டுக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இப்போது கம்பி உருட்டப்படுவதே எம்.எம்.மில் தான், நூல் என்பது கூப்பிடும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கம்பியில் ஏமாறாமல் இருக்க எடைக் கணக்குத் தெரிந்தால் போதும். விட்டத்தை எம்.எம்.மில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுங்கள், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், அதனால் 10.7 கிலோ. 8 எம்.எம். முழுக் கம்பி 4.7 கிலோ, 10 எம்.எம். 7.4 கிலோ. அடியில் வேண்டுமென்றால் 162-க்குப் பதில் 533-ஆல் வகுங்கள். முழுக் கம்பியை நாற்பதடி என்பார்கள், அளந்தால் 39 அடி 4 இஞ்ச் சொச்சம். கம்பியோடு கம்பி சேர்த்துக் கட்டும் ஓவர்லேப்புக்குக் கணக்குப் போடும்போது அந்த அரை அடியை நினைவில் வையுங்கள்.

மணல் ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்தவுடன் கொட்டவிடாமல் மேலே ஏறி அளங்கள். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. உயரத்தை ஓரத்தில் மட்டும் அளக்காதீர்கள், நடுவிலும் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். எம்-சாண்டை டன்னில் விற்கும் இடங்களில் ஒரு யூனிட் நான்கிலிருந்து ஐந்து டன் வரை மாறும், காரணம் ஈரம். ஈர மணல் பொங்கி நிற்கும், கன அடியில் வாங்கினால் மணல் குறையும். டன்னில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். எந்த அளவில் வாங்கினாலும் தண்ணீர் அவர்கள் பக்கம்தான்.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ, கன அளவில் சுமார் ஒன்றேகால் கன அடி. கலவைக்கு மணலை அளக்க ஓர் அடிக்கு ஓர் அடி, 15 இஞ்ச் உயரத்தில் பலகைப் பெட்டி ஒன்று செய்துவிடுங்கள். அது சரியாக ஒன்றேகால் கன அடி. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி என்று எண்ணிப் போடலாம். பாண்டுக் கணக்கில் விட்டால், யார் அள்ளுகிறாரோ அவருடைய பசியைப் பொறுத்துக் கலவை மாறும்.

இடையில் ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: கிலோவும் லிட்டரும் வந்து இத்தனை காலம் ஆகியும் அடி ஏன் போகவில்லை? 1956-இல் சட்டம் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து கடைகளில் கிலோ எடைக்கல் நுழைய ஆரம்பித்தது. வீசை, சேர் என்ற பழைய எடைகள் காணாமல் போயின. தராசை முத்திரை போட ஆள் வருகிறார், அளவு தப்பினால் அபராதம் உண்டு. சுவரை யார் வந்து முத்திரை போடுகிறார்கள்? தளம் போட அடியில் அடுக்கும் சென்ட்ரிங் ஷீட் மூன்றுக்கு இரண்டு அடி, பிளைவுட் எட்டுக்கு நாலு, நாட்டுச் செங்கல் ஒன்பது இஞ்ச். சாமான் அடியில் இருக்கும்வரை வாயும் அடியில்தான் இருக்கும். என் அபிப்பிராயம் இது. பிளைவுட்டையே பாருங்கள், நீள அகலம் அடியில், கனம் எம்.எம்.மில். முக்கால் இஞ்ச் பலகை என்று ஆசாரி கேட்டால் 19 எம்.எம். கொடுக்க வேண்டும். 18-ஐக் கொடுத்து முக்கால் இஞ்ச் என்று பில் போடும் வழக்கமும் உண்டு. ஓரத்தில் டேப்பை வைத்துப் பாருங்கள்.

டைல்

பேரில் இரண்டடி, உடம்பில் 600 எம்.எம். அசல் இரண்டடி 609.6. ஆக ஒவ்வொரு டைலிலும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் வருகின்றன, ஒன்று காசு, ஒன்று அழகு.

காசு எப்படி என்றால், ஒரு பெட்டியில் 4 டைல் இருக்கும். நான்கு நான்கு பதினாறு சதுர அடி என்று பில் போடுவார்கள். பெட்டியின் மேலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும். அது 15.5 சதுர அடிதான். சதுர அடி 60 ரூபாய் என்று சொன்னால் பெட்டி 960 ரூபாய், ஆனால் உங்களுக்கு விழும் விலை 62. ஆயிரம் சதுர அடிக்கு 63 பெட்டி என்று நினைத்தவருக்கு, வெட்டில் வீணாவதைச் சேர்க்காமலே 65 வேண்டும். கடைக்காரரோடு சண்டை வேண்டாம், எல்லாக் கடையிலும் இதுதான் நடப்பு. "பெட்டி என்ன விலை, பெட்டியில் எத்தனை சதுர மீட்டர்" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு கடை விலையை ஒப்பிடும்போதும் பெட்டி விலையையே ஒப்பிடுங்கள். இரண்டுக்கு நாலு டைலும் இதே கதை, 600-க்கு 1200, இரண்டு டைல் ஒரு பெட்டி, அதே 1.44.

அழகுக்கு வருவோம். பூச்சு முடிந்த ஹால் 12-க்கு 16 அடி. பன்னிரண்டடிக்கு ஆறு டைல், பதினாறு அடிக்கு எட்டு டைல், துண்டே வராது என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். எம்.எம்.முக்கு மாற்றிப் பாருங்கள். 12 அடி 3,658 எம்.எம். ஆறு டைல் 3,600. டைலுக்கு டைல் இடைவெளி விட நடுவே 2 எம்.எம். ஸ்பேசர் வைத்தாலும் நாலு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சும். 16 அடிப் பக்கம் ஆறு சென்டிமீட்டர் மிஞ்சும். இரண்டு சுவரோரமும் இரண்டு மூன்று விரல் அகல ஓலைத்துண்டு போல ஒரு வரிசை வந்து நிற்கும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்திலும் சமமாக வெட்டுவது. ஐந்து முழு டைல், இருபக்கமும் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலான துண்டு. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு டைலில் இரண்டு துண்டு வெட்ட முடியாது, பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. 50 டைலில் முடிய வேண்டிய ஹாலுக்கு 63 டைல் ஆகும். மற்றது, முழு டைலை வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மெல்லிய துண்டை சோபா வரப்போகிற சுவரோரம் தள்ளிவிடுவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மிச்சமாகும் 13 டைலுக்கான காசில் நல்ல ஸ்பேசரும் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் வாங்கலாம்.

சுவர் இன்னும் எழும்பவில்லை என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. 12 அடி என்பதைச் செங்கலுக்குச் செங்கல், அதாவது பூச்சுக்கு முந்தைய அளவு, என்று சொல்லிவிடுங்கள். இருபக்கப் பூச்சுக்கு 24 எம்.எம். போக 3,634 மிஞ்சும். ஆறு டைலும் ஸ்பேசரும் 3,610. மிச்சம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், அது சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் கனத்துக்குள் மறைந்துவிடும். அறை நீளமாகப் போகப் போகச் சேரும் மிச்சமும் கூடும் என்பதால் 16 அடிப் பக்கத்துக்கு இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

பைப்

இங்கே இஞ்ச் என்பதை நம்பவே நம்பாதீர்கள். அரை இஞ்ச் குழாயின் மரையை அளந்தால் வெளிப்பக்கம் 21 எம்.எம். இருக்கும். ஒரு இஞ்ச் பைப் என்று மூன்று விதம் என் ரேக்கில் இருக்கிறது. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 28.6 எம்.எம். விவசாயத்துக்கும் மோட்டாருக்கும் போகும் பி.வி.சி. பைப் 32. வீட்டுக்குள் போடும் வெள்ளை யு.பி.வி.சி. 33.4. மூன்றுக்கும் பேர் ஒரு இஞ்ச், மூன்றில் ஒன்றுகூட வெளியே 25.4 இல்லை, ஒன்றின் எல்போ இன்னொன்றில் ஏறாது. "ஒரு இஞ்ச் எல்போ நாலு" என்று பையனை அனுப்பினால் பாதி நாள் திரும்பிக் கொடுக்கவே வருவான். பைப்பில் அச்சடித்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அல்லது ஒரு சாண் வெட்டிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். கழிவுநீர்ப் பைப்பில் நாலு இஞ்ச் என்பது 110 எம்.எம். 75-ஐச் சிலர் மூணு இஞ்ச் என்பார்கள், சிலர் இரண்டரை என்பார்கள், அதனால் 75 என்றே கேளுங்கள்.

போல்ட்டிலும் இதே கதைதான். அரை இஞ்ச் நட்டில் 12 எம்.எம். போல்ட் லூசாக ஒன்றிரண்டு மரை ஏறும், அப்புறம் நின்றுவிடும். ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பெட்டியைத் தனித்தனியாக வையுங்கள், அவ்வளவுதான்.

வயரில் சிக்கலே இல்லை, 1.5, 2.5, 4 என்று சதுர எம்.எம்.மில் வந்துவிட்டது, காயில் 90 மீட்டர், சுமார் 295 அடி. பழைய எலக்ட்ரீஷியன் 3/20, 7/20 என்று கேட்டால் அது பழைய கேஜ் கணக்கு. எழுதித் தரச் சொல்லாமல், எந்த லைனுக்கு என்று கேட்டுச் சதுர எம்.எம்.மில் வாங்குங்கள்.

தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்கு 28.3 என்ற எண் போதும், ஒரு கன அடிக்கு அத்தனை லிட்டர். உள் அளவு 8-க்கு 6, தண்ணீர் நிற்கும் ஆழம் 5 அடி என்றால் 240 கன அடி, சுமார் 6,800 லிட்டர். மேஸ்திரி சொல்லும் எட்டுக்கு ஆறு வெளியளவா உள்ளளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சுவர் கனமே ஆயிரக்கணக்கான லிட்டரை விழுங்கும்.

பொருள் போய் உட்காரும் குழிகள்

வாஷிங் மெஷினுக்கு இரண்டடி இடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். மெஷின் அகலம் பெரும்பாலும் 600 எம்.எம்., இரண்டடி 609.6, சரிதானே என்று தோன்றும். மேஸ்திரி செங்கலில் இரண்டடி விட்டார், இருபக்கமும் 12 எம்.எம். பூச்சு ஏறியது, மிச்சம் 585. டைல் ஒட்டினால் இன்னும் குறையும். மெஷின் வாசலிலேயே நிற்கும். அதனால் குழி, அலமாரி, ஃபிரிட்ஜ் இடம் எதுவானாலும் பொருளின் எம்.எம். அளவோடு காற்றுக்கு, பூச்சுக்கு, டைலுக்கு என்று கூட்டி, அந்த மொத்தத்தை இஞ்சுக்கு மாற்றி, அடுத்த முழு இஞ்சுக்கு ஏற்றிச் சொல்லுங்கள். 600, இருபக்கப் பூச்சு 24, டைலும் ஒட்டும் பசையும் 24, காற்றுக்கு 50, ஆக 698. 25.4-ஆல் வகுத்தால் இருபத்தேழரை இஞ்ச். மேஸ்திரியிடம் "செங்கலுக்குச் செங்கல் ரெண்டடி நாலு இஞ்ச் விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

டி.வி. இதில் தனி ரகம், ஏனென்றால் அந்த இஞ்ச் மூலைக்கு மூலை. 55 இஞ்ச் டி.வி.யின் திரை அகலம் மட்டும் 48 இஞ்ச், அதாவது நாலு அடி, ஓரச் சட்டம் தனி. சுவரில் நாலடிக் குழிவு விட்டு அதற்குள் மாட்ட ஆசைப்படுபவர்கள் நாலரை அடியாவது விட வேண்டும். 43 இஞ்ச் என்றால் திரை அகலம் முப்பத்தேழரை இஞ்ச், 95 சென்டிமீட்டர். இன்னும் எந்த டி.வி. என்று முடிவு செய்யவில்லை என்றால் குழிவே வேண்டாம், சுவரைச் சமமாக விட்டுவிட்டு வயருக்கு மட்டும் பைப் போட்டு வையுங்கள்.